செம்பூரிலிருந்து இரண்டு ராத்திரி கடலோரம்

கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மும்பை செம்பூரில் குடியிருக்கும் குடும்பம். அப்பா பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து, எட்டு மாதத்துக்கு முன் காலமானார். அஸ்தியை இங்கேயே கடலில் கரைத்தார்கள். அவரைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் மருமகள். இப்போது அவருக்குச் சரியான தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, சின்ன விஷயத்துக்கும் கண் கலங்கிவிடுகிறது. அம்மாவுக்கு 68 வயது, திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், முழங்கால் வலி. ஒன்பது வயதுப் பெண் எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். ஜனவரியில் பொங்கல் கழிந்து உங்களுக்கு மூன்று நாள் லீவு கிடைக்கும். "கடற்கரைக்குப் போய்வந்தால் தேறுவார்களா? எங்கே போகலாம்? 'வருஷம் திரும்பலையே, அதுக்குள்ள என்ன ஊர் சுத்தல்' என்கிறார் அம்மா. 'கடல் இங்கேயே இருக்கே' என்கிறாள் மனைவி" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக மும்பையில் குடும்பங்களுக்கு மனநல ஆலோசனை சொல்லி வருகிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில்: போங்கள். ஆனால் இந்தப் பயணம் யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நான்கு பேருக்குமான பயணம் என்று கிளம்பினால், மூன்று பேரைக் கவனித்துக்கொள்ளும் வேலை மறுபடியும் உங்கள் மனைவியின் தலையில்தான் விழும். வீட்டில் செய்ததை மணலில் செய்துவிட்டு வருவார், அவ்வளவுதான்.

அதற்கு முன் ஒரு விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனம் இறுகிக் கிடப்பது, பிடித்த சாப்பாடும் இறங்காமல் போவது, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் தவிப்பது, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரிப் பேச்சு. இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள், பயணம் அப்புறம். கடைசியில் சொன்ன பேச்சு ஒரே ஒரு தடவை வந்திருந்தால்கூட, அன்றைக்கே. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். இவை குறைந்தோ கூடியோ இருந்து ஏற்படும் சோர்வை மனச்சோர்வு என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. அக்டோபர் 2022 முதல் இயங்குகிறது, இலவசம், தமிழிலும் பேசலாம். இப்போதே போனில் போட்டு வையுங்கள்.

சரி, கடல் என்ன செய்கிறது? கடல் காற்றில் அயோடின் இருக்கிறது, அது நரம்புக்கு நல்லது என்று உங்களிடம் நாலு பேர் சொல்வார்கள். அதை நம்பிப் போகாதீர்கள். எனக்கு நம்பத் தகுந்ததாகத் தோன்றுவது வேறொரு விளக்கம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் காப்ளான், ஸ்டீபன் காப்ளான் என்ற தம்பதி 1980களில் இதை விரிவாக எழுதினார்கள். ஒரு வேலையில் வலிந்து கவனத்தை நிறுத்துகிறோமே, அந்தச் சக்தி தசையைப் போலக் களைத்துப்போகும். களைத்தால் எரிச்சல் வரும், மறதி வரும், முடிவெடுக்க முடியாது. அலை, மேகம், காற்றில் அசையும் மரம் மாதிரியானவை நம் கவனத்தை மெதுவாகத் தாங்களே இழுத்து வைத்துக்கொள்ளும். நாம் எதையும் பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. அந்த நேரத்தில் களைத்த பகுதி ஓய்வெடுக்கிறது.

உங்கள் மனைவி இரண்டு வருஷம் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், யூரின் பையில் எவ்வளவு, படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தாயிற்றா, நடுவில் பெண்ணின் ஹோம்வொர்க். கவனத்தை ஒரு நிமிஷம் தளர்த்த வழியில்லாத வாழ்க்கை. அவருக்கு வேண்டியது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத சில மணி நேரங்கள். கடல் அதற்குத் தோதான இடம்.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரே ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பது உடம்புக்கும் போய்ச் சேர்கிறது என்பதை நான் என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

"கடல் இங்கேயே இருக்கே" என்று உங்கள் மனைவி சொல்வது நியாயமான கேள்வி. ஜூஹுவுக்கோ தாதருக்கோ போனால் அலை இருக்கும், கூடவே கூட்டமும் ஹாரனும் இருக்கும், ஏழு மணிக்குள் திரும்பி இரவுச் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும் என்ற நினைப்பும் இருக்கும். வீட்டு வேலை போன் வழியாகக் கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நீர்ப்பரப்பைத் தாண்டிப் போய் ராத்திரி தங்கினால்தான் அது கழலும்.

மும்பைக்குத் தெற்கே கடல் தாண்டி இருக்கும் அலிபாகுக்குப் போங்கள் என்பேன். ஆனால் அலிபாகின் பெரிய கடற்கரையில் தங்காதீர்கள், நாகாவ் கடற்கரையும் வேண்டாம். இரண்டிலும் வாட்டர் ஸ்போர்ட்ஸ் சத்தம். ஊருக்கு வடக்கே ஒட்டியிருக்கும் வர்சோலி, இல்லையென்றால் இன்னும் வடக்கே கிஹிம். இரண்டு இடத்திலும் சவுக்குத் தோப்பு உண்டு, நிழலில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைக்கலாம். பறவையியலாளர் சாலிம் அலி 1930-இல் தூக்கணாங்குருவிகளைக் கவனித்து ஆராய்ந்தது இந்தக் கிஹிமில்தான். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து குருவி கூடு கட்டுவதைப் பார்த்திருக்கிறார் ஒரு மனிதர்.

அலிபாகைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்வது இன்னொன்று உண்டு. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் நிலையம் முதலில் மும்பை கொலாபாவில் இருந்தது. நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது, கருவிகளின் ஊசி கலங்கிவிடும் என்று 1904-இல் அதை அலிபாகுக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கேதான் இயங்குகிறது. மும்பையின் இரைச்சலில் வேலை செய்ய முடியாத ஒன்றை நூறு வருஷத்துக்கு முன்பே கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

எப்படிப் போவது? கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வா துறைக்குப் படகு உண்டு, ஒரு மணி நேரம். ஆனால் ஆடுகிற படகில் கால் வைத்து ஏற வேண்டும், அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. மும்பையின் பாவுச்சா தக்கா படகுத் துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் ரோ-ரோ கப்பல் ஓடுகிறது, காரையே உள்ளே ஏற்றிவிடலாம். செம்பூரிலிருந்து ஈஸ்டர்ன் ஃப்ரீவே பிடித்துத் துறைக்குப் போய்விடலாம். காருக்கான இடத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். மாண்ட்வாவில் இறங்கினால் கிஹிம் பக்கம், அலிபாக் சுமார் 20 கிலோமீட்டர். தரை வழியாகவே போவதென்றால் ஜனவரி 2024-இல் திறந்த அடல் சேது கடல் பாலம் இருக்கிறது, ஆனால் கப்பலை விடாதீர்கள். நகரம் மெல்லப் பின்னால் போவதை உட்கார்ந்து பார்க்கும் அந்த ஒரு மணி நேரம் மருந்தின் பாதி.

புதன்கிழமை போய் வெள்ளி மதியம் கிளம்பிவிடுங்கள். வார இறுதிக் கூட்டம் உள்ளே வரும்போது நீங்கள் வெளியே வந்திருப்பீர்கள். பெண்ணுக்கு மூன்று நாள் ஸ்கூல் போகும், போகட்டும். சனி, ஞாயிறு வீட்டிலேயே இருங்கள். ஊருக்குப் போய் வந்த மறுநாளே ஆபீஸ், ஸ்கூல், துணி மலை என்று தொடங்கினால் இரண்டு நாளில் சேர்ந்தது இரண்டு மணி நேரத்தில் போய்விடும்.

இரண்டு ராத்திரிக்குக் குறைக்காதீர்கள், அதற்குக் காரணம் உண்டு. புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் மேலோட்டமாகத்தான் இருக்கும். 2016-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட லேசாகத் தூங்கி, காவல் காப்பதுபோல் விழிப்போடு இருப்பதைக் கண்டார்கள். இரண்டு வருஷமாக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு, அங்கேயும் இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும். "இங்க வந்தும் தூங்கலையா" என்று கேட்காதீர்கள். கூட எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் சும்மா இருங்கள். இரண்டாவது ராத்திரிதான் உண்மையான ராத்திரி.

இனி கடலின் நேரம். இங்கே மேற்குக் கரையில் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. நம் கிழக்குக் கரையில் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். மும்பைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் நாலைந்து மீட்டர்கூட ஏறி இறங்கும். இங்கே எல்லோரும் ஏற்றத்தைப் பர்தி என்றும், இறக்கத்தை ஓஹோட்டி என்றும் சொல்வார்கள். கொங்கண் மீனவர்களிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: அன்றைய திதி எத்தனையாவதோ அதை முக்காலால் பெருக்கினால், ஏறத்தாழ அதுதான் பர்தி உச்சத்துக்கு வரும் நேரம். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். பௌர்ணமி கழிந்த துவிதியை என்று வையுங்கள். இரண்டை முக்காலால் பெருக்கினால் ஒன்றரை. பகல் ஒன்றரைக்கு ஏற்றம். அதற்கு ஆறேகால் மணி நேரம் முன்னும் பின்னும் இறக்கம், அதாவது காலை ஏழேகாலுக்கும் ராத்திரி ஏழேமுக்காலுக்கும். ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பதே ஏழேகாலை ஒட்டித்தான். அஸ்தமனம் ஆறரைக்குள். ஆக விடியலிலும் அந்தியிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல் விரிந்து கிடக்கும், வெயில் நேரத்தில் தண்ணீர் நிரம்பி நிற்கும். அஷ்டமியை ஒட்டிப் போனால் காலையும் மாலையும் ஏற்றமாக இருக்கும். முடிந்தால் பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ அடுத்து வரும் நாலு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இது போகிற நாளைத் தேர்ந்தெடுக்க உதவும் கணக்கு. தண்ணீரில் இறங்குவதற்கு அன்றைய ஓத அட்டவணையைப் பாருங்கள், அங்கேயே இருப்பவர்களையும் கேளுங்கள். யாரும் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம், பெண் எட்டிப் பிடிக்கும் தூரத்திலேயே இருக்கட்டும்.

பெண்ணுக்கு வேறு பொழுதுபோக்கே தேவையில்லை. ஓஹோட்டி நேரத்தில் ஈர மணலில் குண்டூசித் தலை அளவிலிருந்து கடுகு, மிளகு அளவு வரை உருண்டைகள் கோலம் போட்டாற்போல் பரவிக் கிடக்கும். நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அது நண்டு வளை. நகம் அளவுகூட இல்லாத நண்டு, மணலை வாயில் போட்டு அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய இரையை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளும். நம் காலடி அதிர்ந்ததும் உள்ளே ஓடிவிடும். இரண்டடி தள்ளிக் குத்துக்காலிட்டு அசையாமல் உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் கண் இரண்டு மட்டும் மேலே வரும், அப்புறம் மறுபடி உருட்ட ஆரம்பிக்கும். பர்தி வந்ததும் எல்லாம் அழியும். மறுநாள் புதிதாகப் போட்டிருக்கும். பெண்ணோடு நீங்கள் உட்காருங்கள். தாத்தா படுக்கையில் கிடந்த அறைக்கு அடுத்த அறையில் சத்தம் போடாமல் இரண்டு வருஷம் வளர்ந்த குழந்தை அவள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அவளுடைய துக்கம். அதைக் கேட்க ஆள் வேண்டும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டால் சொல்லமாட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து நண்டைப் பார்க்கும்போது சொல்வாள்.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். வருஷம் திரும்பும் வரை பண்டிகை கிடையாது, மலைக்கோயில், தீர்த்த யாத்திரை கிடையாது என்பது நம் வழக்கம். அதை மதியுங்கள், வாதம் செய்யாதீர்கள். "கோயிலுக்குப் போகவில்லை, விருந்துக்குப் போகவில்லை, மருமகளுக்கு உடம்பு தேற டாக்டர் சொல்ற மாதிரி ரெண்டு நாள் இடம் மாத்தம்" என்று சொல்லுங்கள். அதில் பொய் இல்லை. மாசிகம் எந்தத் திதியில் வருகிறதோ அதைத் தவிர்த்து நாள் பாருங்கள். ஆனால் அவர் மறுப்பதற்கு வழக்கம் மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம். அவருக்குக் கடல் என்றால் திருச்செந்தூர். கல்யாணமான புதிதில் கணவரோடு நாழிக்கிணற்றில் குளித்து நின்ற கடலாக இருக்கலாம். இப்போது இந்தப் பக்கத்துக் கடலில் அவரைக் கரைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். முதல் நாள் மாலை கரையில் நின்றதும் அவர் அழக்கூடும். பதறிப்போய் அறைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், டீ வாங்கி வந்து பேச்சை மாற்றாதீர்கள். நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் நகர்த்திப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் எட்டு மாதமாக மருமகள் முன்னால், பேத்தி முன்னால் அடக்கி வைத்திருந்த அழுகையாக இருக்கும் அது. எனக்குத் தெரிந்த ஒரு மாமி, மாட்டுங்காவில் இருப்பவர், கணவர் போய் பத்து மாதம் கழித்து இப்படிக் கடற்கரையில் ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, "பசிக்குது" என்றார். பத்து மாதத்தில் அவர் தானாகக் கேட்ட முதல் சாப்பாடு அது என்று மகள் சொன்னாள்.

இப்போது உங்கள் பங்கு. பெட்டி கட்டுவது நீங்கள். மனைவியிடம் "அது எங்கே இருக்கு, இது எங்கே இருக்கு" என்று கேட்காமல் நீங்களே தேடி எடுங்கள். ஏதாவது விட்டுப்போனால் அலிபாகில் கடை இருக்கிறது. அம்மாவின் மாத்திரை, பெண்ணின் குளியல், அறைச் சாவி, சாப்பாட்டு நேரம், கணக்கு, எல்லாம் உங்கள் பொறுப்பு. அம்மா ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்ளலாம் என்பார். வேண்டாம். குக்கர் வந்தால் சமையலும் வந்துவிடும். மூன்று வேளையும் அங்கேயே சாப்பாடு கிடைக்கும் இடமாகப் பாருங்கள். அரிசி மாவு ரொட்டியான பாக்ரி, தேங்காய்ப்பாலும் கோகமும் சேர்ந்த ஸோல்கடி, மீன் சாப்பிடுபவர்களானால் பொரித்த பொம்பில் மீன். அம்மாவுக்குத் தயிர்சாதம் முன்பே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள், ஊறுகாய் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறை தரைத்தளம், வெஸ்டர்ன் டாய்லெட், அந்த நாட்களில் அங்கே கல்யாணமோ டிஜேவோ இல்லை என்ற உறுதி, இவற்றைப் போனில் கேட்டு வாங்குங்கள்.

இதை அழுத்திச் சொல்ல என் சொந்த அனுபவமும் காரணம். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் பார்த்துக்கொண்ட பிறகு நாங்களும் இப்படிக் கிளம்பினோம். இரண்டு நாளில் நாலு கடற்கரை, இரண்டு கோட்டை, ஒரு கோயில். வண்டியிலேயே பாதிப் பொழுது போனது. திரும்பி வரும்போது நானும் என் கணவரும் பேசிக்கொள்ளவில்லை. கிளம்பியபோது இருந்த களைப்பைவிட அதிகக் களைப்போடு வீடு வந்தேன். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகு படித்தபோது எனக்கு அது விளங்கியது. விடுமுறைக்குப் போவதற்கு முன் எதிர்பார்ப்பிலேயே மனம் மகிழ்கிறது, ஆனால் போய் வந்த பிறகு போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தவர்கள், பயணம் மிகவும் நிம்மதியாக இருந்தது என்று சொன்னவர்கள் மட்டுமே. அவர்களுக்கும் அது சில வாரத்தில் குறைந்துவிட்டது. ஆகவே நீங்கள் அலிபாக் போய்க் கடல் கோட்டையைப் பார்க்காமல் வந்தால் ஒரு குறையும் இல்லை. ஜஞ்சிரா கோட்டையை இன்னொரு வருஷம் பார்க்கலாம். அப்புறம், எதிர்பார்ப்பே பாதி மகிழ்ச்சி என்பதால் நாளை இப்போதே குறித்து மனைவியிடம் சொல்லிவிடுங்கள். 'சர்ப்ரைஸ்' எல்லாம் வேண்டாம், களைத்தவருக்கு அது இன்னொரு பதற்றம்.

அங்கே உங்கள் மனைவி என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். தூங்கினால் தூங்கட்டும். தனியாக நடக்கப் போனால் போகட்டும், போன் அறையில் இருக்கட்டும். முதல் நாள் அவருக்குக் கை சும்மா இருக்காது, அம்மாவின் புடவையை மடிப்பார், மேஜையைத் துடைப்பார். சொல்லாமல் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மதியம் வாக்கில் அந்தக் கை நிற்கும்.

வெள்ளி ராத்திரி வீட்டில் சமையல் கிடையாது, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் நம் மும்பைக் கடல் வேலைக்கு வரும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள், அப்படி எங்கும் போகாதவர்களைவிட உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் இருந்தாலும் சரி, பிரித்து இருந்தாலும் சரி. ஞாயிறு காலை ஆறரைக்கு ஹார்பர் லைனில் கூட்டம் இருக்காது. சிஎஸ்எம்டி வரை போய், அங்கிருந்து டாக்ஸியில் மரீன் டிரைவ். அந்த நேரத்தில் அந்தச் சுவரில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் நீங்கள் கூடப் போங்கள். அப்புறம் அவர் தனியாகப் போக வேண்டும் என்று சொன்னால், வீட்டில் இருந்து இட்லி ஊற்றுங்கள்.